புல்லாங்குழலின் நாதம் அடைபட்டு ஒலித்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புல்லாங்குழல் கற்பவர்களும், பல ஆண்டுகள் வாசித்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்கள் இங்கே ஓரிடத்தில் தொகுக்கப்பட்டுள்ளன. எட்டு விரல்துளைகள் கொண்ட மூங்கில் குழலை மனத்தில் வைத்தே பெரும்பாலான விடைகள் எழுதப்பட்டுள்ளன. ஆறு அல்லது ஏழு துளைக் குழல்களுக்கும் அவை பொருந்தும். சாவி வைத்த உலோகக் குழலைப் பற்றிக் கடைசியில் ஒரு விடை உண்டு. வாய் வைத்து ஊதும் துளையை முத்திரைத் துளை என்றே எங்கும் குறிப்பிட்டிருக்கிறேன்.

என் குழல் மூக்கடைத்தவன் பேசுவது போல ஒலிக்கிறது. இது என்ன கோளாறு?

ஒரே கோளாறு அன்று. மூன்று வெவ்வேறு குறைகளை எல்லோரும் இந்த ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறார்கள். நாதம் வருகிறது, ஆனால் அதனோடு "உஸ்" என்ற காற்றிரைச்சலும் சேர்ந்து வருகிறது என்பது முதல் வகை. பெரும்பாலும் உதடு, முத்திரைத் துளையின் விளிம்பு, ஈரம் ஆகியவற்றில் ஒன்று அதற்குக் காரணமாக இருக்கும். இரைச்சல் இல்லை, ஆனால் ஒலி மந்தமாக, கணீரென்ற தன்மை இல்லாமல் இருக்கிறது என்பது இரண்டாவது. குழலின் உட்புறம், துளைகளின் அளவு, உதடு துளையை மூடியிருக்கும் அளவு ஆகியவற்றை அங்கே பார்க்க வேண்டும். மேல் ஸ்வரங்கள் நன்றாக இருந்து, கீழே இறங்க இறங்க ஒலி நலிந்து, சில வேளைகளில் தானாகவே மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடுகிறது என்பது மூன்றாவது; அது ஏறக்குறைய எப்போதும் கசிவுதான்.

இவற்றில் உங்களுடையது எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். வகை தெரியாமல் எண்ணெய் தடவுவதும் விளிம்பைத் தேய்ப்பதும் நல்ல குழலைக் கெடுக்கும் வழிகள்.

குழல் கெட்டுவிட்டதா, எனக்குத்தான் சரியாக ஊதத் தெரியவில்லையா?

நன்றாக வாசிக்கும் ஒருவரிடம் கொடுத்து ஊதச் சொல்வது எளிய வழி. ஆனால் தேர்ந்தவர்கள் தம்மை அறியாமலேயே உதட்டைத் திருத்தி, ஓட்டைக் குழலிலும் ஓரளவு நாதம் எழுப்பிவிடுவார்கள் என்பதால் அந்தச் சோதனையை முழுதாக நம்ப முடியாது.

அதைவிட நம்பகமானது ஒட்டுநாடாச் சோதனை. விரல்களால் மூடும் ஏழு துளைகளையும் சாதாரண ஒட்டுநாடாவால், சுருக்கமோ இடைவெளியோ இல்லாமல் அழுத்தி ஒட்டுங்கள். வாசிக்கும்போது எப்போதும் திறந்திருக்கும் எட்டாவது துளையைத் திறந்தே விடுங்கள். இப்போது மென்மையாக ஊதுங்கள். கீழ் ஸ்வரம் நிறைவாக ஒலித்தால் குழலில் பழுது இல்லை, விரல்கள்தான் துளையை முழுமையாக மூடவில்லை. ஒட்டிய பிறகும் நலிந்தே ஒலித்தால் குழலிலோ ஊதும் முறையிலோ குறை இருக்கிறது. ஒட்டுநாடாவை நாள்கணக்கில் விட்டுவிடாதீர்கள்; பசை துளையின் ஓரத்தில் தங்கி, அதுவே ஒரு புதிய கோளாறாகும்.

ஊதும் முறையைச் சோதிக்க, உதட்டை மட்டும் கவனியுங்கள். கீழுதடு முத்திரைத் துளையில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரையே மூட வேண்டும். குழலை உள்நோக்கி உருட்டிப் பாதிக்கு மேல் மூடிவிட்டால் நாதம் அடைபடும், சுருதியும் இறங்கும். வெளிநோக்கி உருட்டினால் இரைச்சல் கூடும், சுருதி ஏறும். குழலை மெல்ல உருட்டிக்கொண்டே ஒரே ஸ்வரத்தை நீட்டி ஊதும்போது ஏதோ ஒரு கோணத்தில் நாதம் சட்டென்று திறந்தால், பழுது பார்க்க வேண்டியது குழலை அன்று.

எல்லாத் துளைகளையும் திறந்து ஊதினால் நன்றாக இருக்கிறது. விரல்களை மூட மூட மங்கிப்போகிறது. ஏன்?

குழலில் ஒலிக்கும் காற்றுத்தூணின் நீளம் முத்திரைத் துளையிலிருந்து முதலில் திறந்திருக்கும் துளை வரைதான். அந்த எல்லைக்குள் இருக்கும் கசிவு நாதத்தைக் கெடுக்கும். அதற்கு அப்பால் இருக்கும் கசிவு ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. இந்த ஒரு விதி தெரிந்தால் கசிவு இருக்கும் இடத்தை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

எல்லாவற்றையும் திறந்து ஊதத் தொடங்கி, இடக்கைச் சுட்டுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டு இறங்குங்கள். மூன்று துளைகள் மூடியவரை தெளிவாக இருந்து, நான்காவதை மூடியதும் மங்கினால், கசிவு நான்காவது விரலில் இருக்கிறது, அல்லது நான்காவது துளைக்கும் ஐந்தாவது துளைக்கும் இடைப்பட்ட சிறு பகுதியில் இருக்கிறது. அந்த ஒரு துளையை மட்டும் ஒட்டுநாடாவால் மூடி மீண்டும் ஊதினால், விரலா மூங்கிலா என்பது தெரிந்துவிடும். கற்பவர்களிடம் இரு கைகளின் மோதிர விரல்களும் வலக்கைச் சுண்டுவிரலுமே அதிகம் தவறு செய்கின்றன. விரல் நுனியால் குத்தாமல், நுனிக்குச் சற்றுக் கீழே உள்ள சதைப்பகுதியால் தட்டையாக மூடுங்கள். ஒரு விரலை அழுத்தி மூடும்போது பக்கத்து விரல் இம்மியளவு தூக்கிக்கொள்வதும் உண்டு. ஆகவே மங்கும் ஸ்வரத்துக்கு உரிய விரலோடு அதற்கு முந்தைய விரலையும் பாருங்கள். விரல் தழும்பத் தழும்ப அழுத்துவது தீர்வாகாது.

விரல்கள் சரியாகத்தான் மூடுகின்றன. பிறகு காற்று எங்கே போகிறது?

உறிஞ்சிப் பாருங்கள். இம்முறை எட்டாவது துளை உட்பட எல்லா விரல்துளைகளையும் ஒட்டுநாடாவால் மூடி, திறந்த முனையை ஈரமான உள்ளங்கையால் இறுக்கமாக அடைத்து, முத்திரைத் துளையில் உதடுகளை முழுமையாகப் பொருத்திக் காற்றை உள்ளிழுங்கள். இழுத்த பிடிப்பு சில விநாடிகள் நின்றால் குழல் உடலில் கசிவு இல்லை. பிடிப்பே கிடைக்காவிட்டாலோ, கிடைத்தவுடன் நழுவினாலோ எங்கோ வழி இருக்கிறது.

தேட வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது, மூங்கில் நார் ஓடும் திசையில், அதாவது குழலின் நீளவாக்கில் ஓடும் மயிரிழை விரிசல். நூல்கட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் விரிசலைப் பலரும் தவறவிடுகிறார்கள். இரண்டாவது, அடைத்த முனை. அது இயற்கையான கணுவாக இருந்தால் கணுவின் தகட்டில் ஊசித்துளை இருக்கலாம். தக்கையாக இருந்தால் அது காய்ந்து சுருங்கியிருக்கலாம். முத்திரைத் துளைக்கு இவ்வளவு அருகே கசிந்தால் எல்லா ஸ்வரங்களும் ஒருசேரக் கெடும் என்பதால், முந்தைய விடையில் சொன்ன படிப்படியான சோதனையில் தொடக்கத்திலேயே மங்கல் தெரிந்தால் இங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். மூன்றாவது, பூச்சி துளைத்த சிறு துளைகள். ஐயப்படும் இடத்தின்மேல் சிறிது ஒட்டுநாடாவை ஒட்டி ஊதுங்கள்; நாதம் தெளிந்தால் இடம் உறுதி.

முதல் பத்து நிமிடம் நன்றாக இருக்கிறது, அப்புறம் அடைத்துக்கொள்கிறது. ஏன்?

ஈரம். வெதுவெதுப்பான மூச்சுக்காற்றில் உள்ள நீராவி, அதைவிடக் குளிர்ந்த குழலின் உட்சுவரில் நீர்த்துளிகளாகப் படிகிறது. அந்தத் துளிகள் முத்திரைத் துளையின் எதிர்விளிம்பில், அதாவது உங்கள் மூச்சு போய் மோதிப் பிரியும் ஓரத்தில், தங்கும்போதுதான் நாதம் கெடுகிறது. உட்சுவரில் மட்டும் படியும் ஈரத்தால் பெரிய தொல்லை இல்லை.

ஊதத் தொடங்கும் முன் குழலைச் சில நிமிடங்கள் கைகளில் வைத்து வெதுவெதுப்பாக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். விரல்துளைகளை மூடிக்கொண்டு, ஒலி எழுப்பாமல் முத்திரைத் துளை வழியாகச் சூடான மூச்சை உள்ளே செலுத்துவதும் பயன் தரும். இடையே அடைத்துக்கொண்டால், மெல்லிய பருத்தித் துணியை ஒரு குச்சியில் சுற்றி உள்ளே விட்டுத் துடையுங்கள்; எதிர்விளிம்பை ஒருபோதும் துணியால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி மட்டும் எடுங்கள். வாசித்து முடித்ததும் உட்புறத்தைத் துடைக்காமல் பெட்டிக்குள் மூடிவைக்கும் பழக்கம்தான் பூஞ்சைக்கும் பின்னாளைய விரிசலுக்கும் தொடக்கம்.

குளிரான நேரத்தில் எடுத்தால் மந்தமாகவும் இருக்கிறது, சுருதியும் சேரவில்லை. குழலில் குறையா?

இல்லை. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவு. குழலுக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் சுருதி ஏறக்குறைய 30 சென்ட் இறங்கும். ஓர் அரைஸ்வரம் 100 சென்ட் என்பதால் இது தம்புராவோடு சேரும்போது நன்றாகவே தெரியும் அளவு. சுருதியை ஏற்றுவதற்காக வலிந்து ஊதுவதே நாதத்தை மேலும் இரைச்சலாக்கும். முந்தைய விடையில் சொன்னபடி குழலை வெதுவெதுப்பாக்குங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ காட்டாதீர்கள்.

உள்ளே ஏதாவது அடைத்துக்கொண்டிருக்குமோ?

இருக்கலாம். பல மாதங்கள் எடுக்காமல் வைத்திருந்த குழலில் குளவி மண்கூடு கட்டியிருப்பதும், சிலந்தி வலை பின்னியிருப்பதும் அரிதன்று. மூங்கில் குழாய் குளவிக்கு ஆயத்தமான வீடு. திறந்த முனை வழியாக வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். அடைத்த முனைப் பக்கத்தைக் காண, முத்திரைத் துளை வழியாகச் சிறு கைவிளக்கின் ஒளியை விழச் செய்து, திறந்த முனையிலிருந்து நோக்குங்கள்.

கூட்டைவிட அதிகம் ஏமாற்றுவது மூங்கிலின் உட்சவ்வு. தாள்போல மெல்லிய அந்தத் தோல் சரியாகச் சுரண்டி எடுக்கப்படாத குழல்களில் நாளடைவில் உரிந்து, துளையின் அடியில் நாக்குப்போல நீட்டிக்கொண்டு நிற்கும். அது அசையும்போது நாதத்தில் மெல்லிய அதிர்வும் மங்கலும் சேரும். உருளையான குச்சியில் மென்மையான உப்புத்தாளைச் சுற்றி, நீளவாக்கில் இரண்டு மூன்று முறை மென்மையாக விட்டெடுத்தால் போதும். உள்விட்டத்தையே பெருக்கும் அளவுக்குத் தேய்த்தால் சுருதி மாறிவிடும்.

முத்திரைத் துளையின் விளிம்பு மழுங்கியிருக்கிறது. கத்தியால் கூர்மையாக்கலாமா?

கத்தியை எடுக்கும் முன் சுத்தம் செய்யுங்கள். மழுங்கிவிட்டதாகத் தோன்றும் விளிம்புகளில் பல, உண்மையில் எச்சில், உதட்டுத் தைலம், தூசி ஆகியவை சேர்ந்து இறுகிய படிவு மூடியவை. நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் ஒற்றி ஊறவைத்து, மரத்தாலான பல்குச்சியால் மென்மையாக எடுத்துவிடுங்கள். விளிம்பில் ஒரு நார் மட்டும் எழும்பி நின்றால்கூட இரைச்சல் வரும். அதை மிக மெல்லிய உப்புத்தாளால் ஒரே ஒரு தடவு தடவினால் போதும்.

உண்மையிலேயே தேய்ந்த விளிம்பைச் செதுக்குவது குழல் செய்பவரின் வேலை. அங்கே எடுக்கும் ஒவ்வொரு சீவலும் துளையைப் பெரிதாக்கிச் சுருதியை ஏற்றும்; எடுத்ததை மீண்டும் வைக்க முடியாது. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பழகுவதற்கென்று ஒரு வீணான குழல் கையில் இல்லாதவர் இந்த வேலையில் இறங்கக்கூடாது.

எண்ணெய் தடவினால் நாதம் திறக்கும் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு. காய்ந்து சொரசொரப்பான உட்சுவர் காற்றின் அதிர்வைச் சிறிது உறிஞ்சிக்கொள்ளும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு அதை வழவழப்பாக்கும், மூங்கில் ஈரத்தைத் திடீரென்று உறிஞ்சுவதையும் இழப்பதையும் தணிக்கும். ஆனால் எண்ணெய் கசிவை அடைக்காது, விளிம்பைத் திருத்தாது. நாதம் திடீரென்று அடைபட்ட குழலுக்கு எண்ணெய் மருந்தன்று.

பாதாம் எண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவற்றைப் பலர் பயன்படுத்துகிறார்கள். நன்கு உலர்ந்த குழலில், துணியில் சில துளிகள் மட்டும் விட்டு உட்புறம் பூசி, ஓரிரவு விட்டு, எஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். மிகுதியாகப் பூசினால் தூசி ஒட்டிப் பிசுபிசுப்பாகி, எதை நீக்க முயன்றோமோ அதையே வரவழைக்கும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து படலமாக இறுகும் தன்மையுடையது. அதைத் தொட்ட துணியைக் கசக்கிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால், அதை விரித்து உலர்த்திய பிறகே அப்புறப்படுத்துங்கள்.

குழலில் விரிசல் விழுந்துவிட்டது. ஒட்டினால் பழைய நாதம் வருமா?

விரிசல் எங்கே என்பதைப் பொறுத்தது. விரல்துளைகளுக்கு இடையிலோ, கடைசித் துளைக்கு அப்பாலோ இருந்தால் பெரும்பாலும் முழுமையாக மீட்கலாம். விரல்துளையின் ஊடாகச் சென்றால் மீட்கலாம், ஆனால் பொறுமை தேவை. முத்திரைத் துளையின் எதிர்விளிம்பைப் பிளந்துகொண்டு சென்றால் ஒட்டினாலும் விளிம்பில் ஒரு வடு இருக்கும். அந்தக் குழல் பழையபடி பாடுவது ஐயமே.

மூங்கில் சுற்றுப்புறக் காற்றின் ஈரப்பதம் குறையும்போது சுருங்குகிறது. வெளிப்புறமும் உட்புறமும் ஒரே வேகத்தில் சுருங்காதபோது நார்கள் பிரிகின்றன. ஆகவே விரிசல் கண்டவுடன் பசையை எடுக்காமல், ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் வரை உள்ள இடத்தில் ஓரிரு நாள் வைத்திருங்கள். விரிசல் தானாகவே நெருங்கும். நீரில் நனைத்து வீங்கவைத்து ஒட்டுவது தவறு. ஒட்டிய பிறகு உலரும்போது அதே இழுவிசை பசையை அல்லது பக்கத்து நாரைப் பிளக்கும்.

பிறகு விரிசலின் இருபுறமும் நூலைச் சுற்றித் தற்காலிகமாக இறுக்கி, நீர்போன்ற, உடனே இறுகும் பசையை விரிசலின்மேல் துளித்துளியாக விடுங்கள். அது தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளப்படும். விரல்துளையின் ஓரத்திலும் உட்சுவரிலும் பசை வழிந்து கட்டியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். விரல்கள் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் மறவாதீர்கள். காய்ந்ததும் நிரந்தர நூல்கட்டு போட வேண்டும், ஏனெனில் பசை மட்டும் நெடுநாள் தாங்காது. நூலின் ஒரு துண்டை வளையமாக மடித்துக் குழலின்மேல் படுக்கவைத்து, அதன்மேலேயே நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து, முனையை வளையத்துக்குள் நுழைத்து, வளையத்தின் மறுமுனைகளை இழுத்தால் நூல்முனை கட்டுக்கு அடியில் புதைந்துவிடும், முடிச்சே வேண்டாம். கட்டின்மேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு போதும். வேலை முடிந்ததும் உறிஞ்சும் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

உடனடியாகக் கச்சேரிக்குப் போக வேண்டியவர்கள் விரிசலின்மேல் தேன்மெழுகை விரல் சூட்டில் தேய்த்து அடைக்கலாம். ஆனால் மெழுகு ஊறிய இடத்தில் பின்னால் பசை பிடிக்காது. ஆகவே அந்த வழிக்கு ஒட்டுநாடாவே மேல்.

குழலிலிருந்து மாவு போலத் தூள் கொட்டுகிறது. என்ன செய்வது?

உளு விழுந்திருக்கிறது, வண்டு மூங்கிலில் உள்ள மாவுச்சத்தை உண்டு சுரங்கம் தோண்டுகிறது. முதலில் அந்தக் குழலை மற்றக் குழல்களிடமிருந்து பிரித்து வையுங்கள். காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு, ஆழ்உறை பெட்டியில் ஓரிரு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின்னும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுவது பூச்சியைக் கொல்லும் வழி. தூள் கொட்டுவது நின்றுவிட்டது என்று உறுதியான பிறகே சிறுதுளைகளை மெழுகால் அடையுங்கள். உட்சுவர் சல்லடையாகிவிட்ட குழலை மீட்க முயல்வதில் பயனில்லை.

மேல் ஸ்தாயி மட்டும் அடைபட்டு, சுருதியும் குறைகிறது. தக்கையை நகர்த்தச் சொன்னார்கள். எவ்வளவு?

தக்கையின் முகத்துக்கும் முத்திரைத் துளையின் நடுவுக்கும் இடையிலுள்ள தூரம் குழலின் உள்விட்டத்துக்கு ஏறக்குறைய சமமாக இருப்பது நல்ல தொடக்கம். அந்த இடைவெளி கூடினால் மேல் ஸ்வரங்கள் கீழ் ஸ்வரங்களைவிட அதிகமாகத் தணியும், பேசவும் மறுக்கும். மிகவும் குறைந்தால் மேல் ஸ்வரங்கள் சுருதி ஏறிக் கிறீச்சிடும்.

ஒரே விரலமைப்பில் ஒரு ஸ்வரத்தையும் அதன் மேல் ஸ்தாயியையும் சுருதிமானியில் ஒப்பிடுங்கள். மேலது தணிந்திருந்தால் தக்கையை முத்திரைத் துளையை நோக்கி ஒரு மில்லிமீட்டர் நகர்த்துங்கள், ஏறியிருந்தால் எதிர்ப்புறம். ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஊதிப் பாருங்கள். குழலின் முனை இயற்கைக் கணுவால் அடைபட்டு, அது மிகவும் தள்ளியிருந்தால், இடையில் சிறிது தேன்மெழுகை அப்பி இடைவெளியைக் குறைக்கலாம். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்பதே இதன் சிறப்பு.

ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் மங்குகிறது. மற்றவை எல்லாம் சுத்தம். இது எப்படி?

அந்த ஸ்வரம் எந்தத் துளை வழியாக வெளிவருகிறதோ அந்தத் துளையைப் பாருங்கள்: அழுக்கு சேர்ந்திருக்கலாம், அல்லது அதைவிட அடிக்கடி நேர்வதாக, தூக்கிய விரல் துளைக்கு மிக அருகில் தொங்கிக்கொண்டிருக்கலாம். விரலின் நிழல் படும் அளவுக்கு நெருங்கினாலே ஸ்வரம் தணிந்து மங்கும். விரலை இன்னும் ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி ஊதிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

அந்த ஸ்வரம் பாதித் துளை மூடி எடுப்பதாக இருந்தால் மங்கல் ஒரு பழுதே அன்று. சிறிய திறப்பு வழியாக உயர்ந்த ஒத்திசை ஒலிகள் எளிதில் வெளிவராததால், அவ்வாறு எடுக்கும் ஸ்வரங்களுக்கு இயல்பிலேயே மென்மையான சாயல் உண்டு. கமகங்களுக்கு அது அழகு. அதைப் போக்கத் துளையைப் பெரிதாக்கினால் அந்த ஸ்வரம் நிரந்தரமாகச் சுருதி ஏறிவிடும், அழகும் போய்விடும்.

ஆறு கட்டைக் குழல் கணீரென்று இருக்கிறது. புதிதாக வாங்கிய ஒன்றரைக் கட்டைக் குழல் மட்டும் அடைபட்டு ஒலிக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

அவசரப்பட வேண்டாம். கட்டை என்பது சுருதியின் அளவு; ஒன்றரைக் கட்டைக் குழல் ஆறு கட்டைக் குழலைவிட நீளமானது. நீண்ட குழலின் துளைகள் ஒன்றுக்கொன்று தள்ளியிருப்பதால் விரல்கள் நழுவும், அகலமான உட்புறத்தை நிரப்ப மெதுவான, நிறைந்த மூச்சு வேண்டும். சிறிய குழலுக்குப் பழகிய வேகமான மூச்சை அதில் செலுத்தினால் இரைச்சல்தான் மிஞ்சும். மேலே சொன்ன ஒட்டுநாடாச் சோதனையில் குழல் தேறிவிட்டால் சில வாரம் பொறுத்துப் பாருங்கள். சோதனையில் தேறி, தேர்ந்தவர் ஊதியும் மந்தமாகவே இருந்தால், தடித்த சுவரும் சிறிய துளைகளும் கொண்ட குழலாக இருக்கும். அது செய்யும்போதே வந்த குணம். பழுது பார்த்து மாற்ற முடியாது.

சாவி வைத்த உலோகக் குழலுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

கசிவைத் தேடும் விதி பொருந்தும். கசியும் இடம்தான் வேறு. அங்கே துளைகளை மூடுவது சாவிக்கு அடியில் உள்ள மெத்தைகள். சாவியை வழக்கத்தைவிட அழுத்தமாக அமுக்கும்போது நாதம் தெளிந்தால் மெத்தை சரியாக அமரவில்லை என்று பொருள். மிக மெல்லிய தாள்பட்டையை மெத்தைக்கு அடியில் வைத்து, சாவியை இலேசாக மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே அளவு பிடிப்பு இருக்க வேண்டும். தலைப்பகுதியைத் தனியே கழற்றி, திறந்த முனையை உள்ளங்கையால் அடைத்து உறிஞ்சினால் தக்கையின் கசிவு தெரியும். அந்தத் தக்கைத் தகடு முத்திரைத் துளையின் நடுவிலிருந்து ஏறக்குறைய 17 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். துடைக்கும் கோலின் முனையில் உள்ள கோடு இதற்காகவே போடப்பட்டது, கோலை உள்ளே விட்டால் அந்தக் கோடு துளையின் நடுவில் தெரிய வேண்டும்.

மெத்தைகளை மாற்றுவதையும் சாவிகளைச் சீராக்குவதையும் வீட்டில் முயல வேண்டாம். ஒரு சாவியின் உயரம் மாறினால் அதனோடு இணைந்த மற்றவையும் மாறும்; வளைந்த சாவியை நிமிர்த்தப் போய் தண்டையே கோணலாக்கிவிட நேரும். எந்தச் சாவியில், எந்த ஸ்வரத்தில் கசிகிறது என்று குறித்துக்கொண்டுபோய்ப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் அவருடைய வேலை பாதியாகும்.